‘எல்லோரும்’ செய்த சஞ்சிகை: திருகோணமலைக் கலை இதழொன்றின் விபரப் பக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு சஞ்சிகையைக் கையில் எடுப்பவர் முதலில் அட்டையைப் பார்ப்பார், பிறகு படங்களைப் புரட்டுவார். ஆசிரியர் குழு, அச்சகம், தொடர்பு முகவரி முதலியன சிறிய எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கும் விபரப் பக்கத்தை நின்று வாசிப்பவர், பெரும்பாலும் அதில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுபவராகவே இருப்பார். திருகோணமலையில் ஏழு பேர் கூட்டாக நடத்தும் சமகாலக் கலை, வடிவமைப்புச் சஞ்சிகையொன்றில் அந்தப் பக்கம் எப்படி எழுதப்பட்டது, எதனால் சண்டைக்குள்ளானது, எப்படித் திருத்தி எழுதப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். நான் அந்த ஏழு பேரில் ஒருவன் அல்லன்; இரண்டாம் இதழிலிருந்து அவர்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவன். கூட்டங்களில் கதவோரம் அமர்ந்து கேட்டிருக்கிறேன், வாக்களித்ததில்லை.

சஞ்சிகையின் பெயரையும் தங்கள் பெயர்களையும் எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெயர் போடாததால் எழுந்த பிணக்கைப் பற்றிய கட்டுரையில் பெயர் போடக் கூடாது என்பது எனக்குச் சிரிப்பையே வரவழைத்தது. ஆகவே ஒவ்வொருவரையும் அவர் செய்யும் வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

ஆட்கள்

உவர்மலையில் வசிக்கும் சித்திர ஆசிரியை ஒருவர்; எல்லோருக்கும் அவர் அக்கா. மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் பெற்று, இரண்டு வருடமாக வேலைக்குக் காத்திருந்த ஓவியர். கிண்ணியாவில் கலியாண ஸ்ரூடியோ நடத்தும் புகைப்படக்காரர். இவரை வயதில் மூத்தவர்களும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவார்கள். கட்டட ஒப்பந்தகாரரிடம் படவரைஞராக வேலை செய்யும் ஒருவர். தமிழுக்கும் சிங்களத்துக்குமிடையே அரச அலுவலக மொழிபெயர்ப்புச் செய்யும் பெண்ணொருவர். க.பொ.த. வகுப்புகளுக்கான டியூட்டரியொன்றின் உரிமையாளர். பகலில் கலியாண அழைப்பிதழ்களும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களும் வடிவமைத்து, இரவில் சஞ்சிகையை வடிவமைக்கும் இருபத்தைந்து வயதுத் தம்பி. இந்த ஏழு பேருக்கும் பொதுவாக இருந்தது, நகரத்தில் கலை என்று பேச ஓர் இடமில்லை என்ற குறை மட்டுமே.

திருகோணமலைக்குச் சிற்றிதழ் புதிதல்ல. ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதையிதழ் 2007இலிருந்து இங்கிருந்து வெளிவந்திருக்கிறது. ஆனால் ஓவியம், புகைப்படம், எழுத்துரு, வீட்டு முகப்பு, படகு வர்ணம் ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்துப் பேசும் இதழ் இந்தப் பக்கத்தில் இருக்கவில்லை. அப்படியான பேச்சுக்குக் கொழும்பையோ, இராமநாதன் நுண்கலைக் கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்தையோ பார்க்க வேண்டியிருந்தது. கிண்ணியாவிலிருந்து இரவுக் கூட்டத்துக்கு வந்து திரும்புவதுகூட அண்மைக்கால வசதிதான். 2009 ஒக்டோபரில் பாலம் திறப்பதற்கு முன்பு ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வர வேண்டும். கடைசிப் பாதையைத் தவறவிட்டவர் இக்கரையிலேயே படுக்க வேண்டும். நானா அதை அடிக்கடி சொல்வார், கூட்டம் பதினொரு மணியைத் தாண்டும்போது குறிப்பாக.

முதல் இரண்டு இதழ்களும் டியூட்டரியின் ரைசோ இயந்திரத்தில் அடிக்கப்பட்டவை. ஊரில் இன்னும் பலர் அதையும் பழைய படியெடுக்கும் இயந்திரத்தின் பெயரால் ‘ரோனியோ’ என்றே சொல்கிறார்கள். அது தவறுமில்லை, ஏனென்றால் அடிப்படையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மெல்லிய தாளில் நுண்துளைகளாக உருவம் பதிகிறது, அந்தத் தாள் மை நிறைந்த உருளையில் சுற்றிக்கொள்கிறது, உருளை சுழலச் சுழலத் துளைகளின் வழியே மை காகிதத்தில் இறங்குகிறது. ஓர் உருளைக்கு ஒரு நிறம். இரண்டாவது நிறம் வேண்டுமானால் உருளையை மாற்றி, அதே தாள்களை மறுபடியும் ஊட்ட வேண்டும். இரண்டாம் முறை ஊட்டும்போது தாள் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலும் நீலம் கறுப்பின் ஓரத்தைத் தாண்டிவிடும். உயிரியல் வினாத்தாளில் குறையாகத் தெரியும் இந்த நகர்வு, ஓவியரின் படங்களில் அழகாக இருந்தது. வெளிநாடுகளில் கலைஞர்கள் இந்த இயந்திரத்தைத் தேடிப் போய் வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோது டியூட்டரிக்காரர் நம்பவில்லை.

காகிதம்தான் பெரிய கவலையாக இருந்தது. 2022 மார்ச்சில் கொழும்பில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்களே காகிதத் தட்டுப்பாட்டால் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்திய நாடு இது. அந்த நெருக்கடியின் பிறகு தொடங்கிய இந்தச் சஞ்சிகைக்கு, தவணைப் பரீட்சைக்கென வாங்கி மிஞ்சிய காகிதக் கட்டுகளே முதலாம் இதழாயின. அவற்றைக் கொடுத்தவர் டியூட்டரிக்காரர். அது எங்கும் எழுதப்படவில்லை.

ஒரு வரி

எழுதப்படாததற்குக் காரணம் இருந்தது. முதலாம் இதழின் விபரப் பக்கத்தில் ஒரே வரிதான்: ‘எழுத்து, ஓவியம், வடிவமைப்பு, வெளியீடு: நாங்கள் எல்லோரும்.’ அந்த வரியை எழுத அவர்கள் இரண்டு கூட்டம் பேசினார்கள் என்று அறிந்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சங்கம் கூட்டினால் என்ன நடக்கும் என்பதை நம்மூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறாவது மாதத்தில் வேலை நின்றுபோகும், பொன்னாடை மட்டும் நிற்காது. ஆகவே பதவி வேண்டாம், பெயரும் வேண்டாம், தீர்மானங்கள் எல்லோருடைய சம்மதத்தோடும் எடுக்கப்படும் என்று முடிவாயிற்று. இன்னொரு காரணத்தை அவர்கள் உரக்கச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. பெயர் போடாமல் அல்லது புனைபெயரில் எழுதுவது இந்தப் பகுதியில் நீண்ட காலம் ஒரு பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்தவுடன் முடிந்துவிடவில்லை.

அக்கா ஒரு முன்மாதிரியைக் காட்டினார். நியூயோர்க்கில் 1977 முதல் 1993 வரை ‘ஹெரெசீஸ்’ என்ற பெண்ணிய, கலை, அரசியல் சஞ்சிகை வெளிவந்தது. மொத்தம் 27 இதழ்கள். அதைப் பெண் கலைஞர்களின் கூட்டு ஒன்று நடத்தியது, அதற்குப் பிரதம ஆசிரியர் என்று ஒருவர் இருக்கவில்லை. அக்கா சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதன் நடைமுறையில் ஒரு பாதியை மட்டுமே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். ஹெரெசீசில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு கருப்பொருள் இருந்தது, அந்தக் கருப்பொருளுக்கென்றே தனியான ஆசிரியர் குழுவொன்று அமைந்தது, அந்த இதழுக்கு அந்தக் குழுவே பதில் சொல்ல வேண்டும். சஞ்சிகை எல்லோருடையதாக இருந்தது, இதழோ குறித்த சிலருடைய கையில் இருந்தது. திருகோணமலையில் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பெயர் வேண்டாம் என்ற பெருந்தன்மைக்கு எதிராக எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு சஞ்சிகை. 1946இல் பம்பாயில் தொடங்கிய ‘மார்க்’ கட்டடக் கலைக்கும் ஓவியத்துக்கும் வடிவமைப்புக்குமான இதழ். நவீன கட்டடக்கலை ஆய்வுக் குழு என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ‘மார்க்’ ஆயின. வழி, மார்க்கம் என்ற பொருளும் அதில் பொருந்தி வந்தது. தொடங்கியவர்களுள் நம் நாட்டவர் இருவர் இருந்தனர்: கண்டியைச் சேர்ந்த சகோதரிகளான அனில் டி சில்வாவும், பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞராகிய மினெட் டி சில்வாவும். இன்று ‘மார்க்’ என்றதும் வாய் தானாகச் சொல்லும் பெயர், அதன் ஆசிரியராக இருந்த நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்த். அவர் உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கூட்டு தன் ஆட்களின் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லாவிட்டால், வெளியுலகம் தன் வசதிக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். வாக்கில்லாதவன் சொன்னது குறிப்பேட்டில் ஏறவில்லை.

மூன்றாம் இதழ்

மூன்றாம் இதழின் பொருள் கையால் எழுதிய எழுத்து. கடைப் பெயர்ப்பலகை, பஸ் நெற்றி, கோயில் மதில், மீன்பிடிப் படகு ஆகியவற்றில் தூரிகையால் எழுதப்பட்ட தமிழ், சிங்கள, ஆங்கில எழுத்துகளை நானா நான்கு மாதம் படமெடுத்தார். மூன்று மொழியும் ஒரே பலகையில் வரவேண்டிய நாட்டில், தமிழ்ச் சொல் நீண்டு பலகையை விட்டு ஓடப் பார்க்கும்போது எழுதுபவர் எந்த எழுத்தை நெருக்குகிறார், எந்தக் காலை வெட்டுகிறார் என்பதைப் படவரைஞர் அளந்து வரைந்தார். என் கணிப்பில் சஞ்சிகையின் மிகச் சிறந்த பக்கங்கள் அவை. நிறப் படங்கள் இருந்ததால் ரைசோ போதவில்லை. 48 பக்கங்களை ஓப்செட்டில் அடிப்பதென்று முடிவாகி, வெளியூர் அச்சகமொன்றுக்குக் கோப்பு அனுப்பப்பட்டது. பிரதிகள் 300.

பிழை நேர்ந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எவரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. படகெழுத்துப் பற்றிய கட்டுரை பாமினியில் தட்டச்சாகி வந்தது. இலங்கையில் அச்சு வேலை செய்பவர்களுக்குப் பாமினி தாய்ப்பால் போல. ஆனால் அது உண்மையில் தமிழ்க் குறியேற்றம் அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகிய கோர்வை மட்டுமே. அதில் கொம்பு போட வேண்டிய எழுத்துக்குக் கொம்பை முதலிலும் மெய்யைப் பிறகும் தட்டுவோம், கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே. யுனிகோட்டில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். கொம்பை இடப்புறம் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற பந்தியமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் அந்தப் பொறுப்பை அது ஏற்காது.

கட்டுரையின் உடல் ஒழுங்காக மாற்றப்பட்டு, நான் மெய்ப்புப் பார்த்து, சரியென்று கையொப்பமிட்டேன். அப்போது தலைப்பு ‘படகெழுத்து’. அன்றிரவு வட்சப் குழுவில் எவரோ, தலைப்பு வரண்டிருக்கிறது, ‘தோணிக்காரர் எழுத்து’ என்று வைத்தால் என்ன என்று கேட்டார். ஐந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். தம்பி அப்போது அழைப்பிதழ் வேலையாக வேறு இடத்தில் இருந்தார். அங்கிருந்த கணினியில் கோப்பைத் திறந்து, புதிய எழுத்துப் பெட்டியொன்றைப் போட்டு, தலைப்பை ஒட்டி, பீடீஎவ் ஆக்கிக் குழுவில் போட்டார். மறுபடியும் கட்டைவிரல்கள், இம்முறை ஏழு. கைத்தொலைபேசியில் 48 பக்கங்களையும் பெருப்பித்துப் பார்த்தவர் எவருமில்லை, ஆனால் ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரில் ஒருவர் பார்த்திருப்பார் என்று எண்ணினார்கள். எனக்கு அந்தக் குழுவில் இடமில்லாததால் கோப்பு என்னிடம் திரும்பி வரவில்லை.

கட்டுகள் பஸ்ஸில் வந்திறங்கின. அக்கா ஒரு பிரதியை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தார். ஒரு கை அகலத்தில், கறுப்பில், ‘தோணி’யின் இரட்டைக் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் விழுந்து, ஒரு புள்ளி வட்டத்தையும் கட்டி இழுத்துக்கொண்டு நின்றது. எழுத்தின் அழகைப் பற்றிய இதழில், எழுத்தைப் பற்றிய கட்டுரையின் தலைப்பு அப்படி வந்திருந்தது. அச்சகம் தன் பிழையல்ல என்றது, அதில் நியாயமும் இருந்தது. ஒரு தாளில் 16 பக்கம் வீதம் அடிக்கப்படுவதால் அந்தத் தலைப்பைத் திருத்தப் புதிய தகடுகளும் காகிதமும் வேண்டியிருந்தன, தைத்த பிரதிகளைப் பிரிக்கவும் வேண்டும். அதற்குப் பணமில்லை.

ஒட்டுத்தாள் போடுவதென்று முடிவாயிற்று. டியூட்டரியின் இயந்திரத்தில் சரியான தலைப்பு கீற்றுகளாக அடிக்கப்பட்டது. ரைசோ மை பளபளப்பான காகிதத்தில் காய்வதேயில்லை, சாதாரணக் காகிதத்திலும் உடனே தொட்டால் விரலோடு வரும். எனவே கீற்றுகளை ஒரு நாள் முழுக்க மேசையில் பரப்பி விட்டு, மறுநாள் மாலை அக்கா வீட்டு விறாந்தையில் கூடினோம். இரும்பு அடிமட்டம் வைத்து வெட்டுபவர் ஒருவர், தூரிகையால் பசை தடவுபவர் ஒருவர், கீற்றைக் குனிந்து நேர்பார்த்து வைப்பவர் ஒருவர், துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துபவர் ஒருவர். கீற்றுகள் பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். நுளம்புச் சுருளின் புகையில் பசை மணமும் சேர்ந்து தொண்டையைக் கட்டியது. பசை அதிகமானால் காகிதம் நெளியும், குறைந்தால் ஓரம் தூக்கும். ஏறத்தாழ ஐம்பதாவது பிரதியில்தான் அளவு கைக்கு வந்தது. ஏழு பேரில் வந்தவர்கள் நால்வர்: அக்கா, டியூட்டரிக்காரர், மொழிபெயர்ப்பாளர், தம்பி. தம்பி இரவு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பிழையை ‘நாங்கள் எல்லோரும்’ செய்ததாக அக்கா மூன்று முறை சொன்னார். அது உண்மைதான், ஆனாலும் அது தம்பிக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இந்த இரவுதான் எனக்கு இந்த ஆய்வின் மையம். எல்லோரும் என்ற சொல் புகழைப் பங்கிட நன்றாக உதவியது. பிழை நேர்ந்தபோது அதே சொல், எங்கே பிழைத்தது என்பதைக் கண்டுபிடிக்க விடவில்லை. வேலை என்று வந்தபோது, வராத மூவரையும் வந்த நால்வரையும் அது ஒன்றாகவே எழுதியது.

எழுதியவரின் கேள்வி

சஞ்சிகையின் பெயரெழுத்தை, அதாவது அட்டையில் முதலாம் இதழிலிருந்து இருந்துவரும் அந்தத் தலைப்பெழுத்தை, எழுதியவர் ஏழு பேரில் ஒருவரல்லர். திருக்கடலூர்க் கரையில் படகுகளுக்குப் பெயரும் இலக்கமும் எழுதும் முதியவர் அவர். அவர் வேலை செய்வதை நான் ஒரு காலை முழுக்கப் பார்த்திருக்கிறேன். சுண்ணக்கட்டித் தூள் தேய்த்த நூலைப் படகின் பக்கவாட்டில் இருவர் இழுத்துப் பிடிக்க, அவர் நடுவில் கிள்ளி விடுவார், நேர்கோடு விழும். மேலொன்று, கீழொன்று. அதற்கிடையில் முன்வரைவு எதுவுமில்லாமல் எனாமல் பெயின்றில் எழுதத் தொடங்குவார். பைபர் போட்டின் உடல் அணியத்தை நோக்கி வளைந்து ஏறுவதால், கோட்டின் மீது நேராக எழுதினால் கரையில் நிற்பவனுக்கு எழுத்து சரிந்து தெரியும். அதனால் அணியப் பக்கத்து எழுத்துகளின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அகட்டி எழுதுவார். இதை அவர் எவரிடமும் கற்கவில்லை, எவரும் அவரிடம் கேட்டதுமில்லை. சஞ்சிகைக்காக அவர் ஒட்டுப்பலகையில் எழுதியதை நானா படமெடுக்க, தம்பி கோடாக மாற்றிக்கொண்டார். பெயின்றுச் செலவு கொடுக்கப்பட்டது. கடைசிப் பக்கத்தில் ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ், மண்டபம் தந்தவர், தேநீர் தந்த கடை ஆகியவற்றுக்கு நடுவில் அவர் பெயர் இருந்தது.

மூன்றாம் இதழின் வெளியீட்டுக்கு அவர் வெள்ளைச் சேட்டோடு வந்திருந்தார். பிரதியை வாங்கி விபரப் பக்கத்தைத் தேடிப்பிடித்து வாசித்தார். பிறகு தம்பியிடம் கேட்டார்: “எல்லாரும் எண்டு போட்டிருக்கே தம்பி, அதுல நானும் சேத்தியா, இல்லையா?”

கோபத்தோடு கேட்கவில்லை, விளக்கம் வேண்டிக் கேட்டார். தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை, அக்காவாலும் முடியவில்லை. ஏழு பேர் தங்களுக்குள் பெயரைத் துறந்தது துறவுதான். ஆனால் அவர்கள் துறந்தது தாங்கள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய பெயரை. பட்டதாரி ஓவியர் தன் விண்ணப்பங்களில் இந்தச் சஞ்சிகையைக் குறிப்பிட்டிருந்தார், அதில் தவறுமில்லை. முதியவருக்கு அந்த வசதி இல்லை. குழுவுக்கு வெளியே நின்று வேலை செய்தவருக்கு ‘நாங்கள்’ என்ற சொல் ஒரு மூடிய கதவு.

சட்டம் கேட்ட பெயர்

அதே வாரம் அச்சகத்தின் மீதிக் கணக்கு வந்தது, டியூட்டரிக்காரரின் பெயருக்கு. ஏன் தன் பெயருக்கு என்று விசாரித்தபோதுதான் பின்னட்டையின் உட்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் வெளியீட்டாளர் என்று அவர் பெயரும் விலாசமும் அச்சாகியிருப்பது தெரிந்தது. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது. அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எங்கே என்பது வெளியீட்டில் இருக்க வேண்டும். ‘நாங்கள் எல்லோரும்’ என்பது அந்தச் சட்டத்துக்குப் பெயராகாது. அச்சக எழுதுவினைஞர் முற்பணம் கொண்டுவந்தவரின் பெயரைப் போட்டுவிட்டார். இந்தக் குழுவில் சட்டத்தின் முன் நிற்கக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்பதை டியூட்டரிக்காரர் தற்செயலாக அறிந்துகொண்டார்.

வங்கியும் அப்படித்தான் கேட்டது. சங்கக் கணக்குத் திறக்க யாப்பு வேண்டும், பதவிகளோடு கையொப்பக்காரர் வேண்டும். யாப்பும் இல்லை, பதவியும் இல்லை. எனவே விற்பனைப் பணம் அக்காவின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கணவருக்கு அது பிடிக்கவில்லை என்பதை அக்கா ஒருமுறை மட்டும் சொன்னார்.

எங்கும் கூட்டு என்றால் இப்படி ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். கொழும்பில் 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சுற்றிக் கூடிய ஓவியர்களின் ’43 குழுவைப் பற்றிப் பேசுபவர்கள் ஜோர்ஜ் கீற்றையும் ஐவன் பீரிசையும் பேசுவார்கள். வென்ட் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அதன் பிறகு செயலாளராக இருந்து குழுவின் கடிதங்களையும் படங்களையும் பேணியவர் ஹரி பீரிஸ். அவரும் ஓவியர்தான். அவருடைய பார்ன்ஸ் பிளேஸ் வீட்டிலிருக்கும் சபுமல் மன்றத்தின் சேகரிப்பு இல்லாவிட்டால், அந்தக் குழுவைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பாதி வெறும் கேள்விப்பட்ட கதையாகவே இருந்திருக்கும். கடிதம் எழுதுவதும் படத்துக்குப் பூச்சி அரிக்காமல் பார்ப்பதும் கலையின் பகுதியல்ல என்று நினைப்பவர்களை நான் சில கூட்டங்களில் சந்தித்திருக்கிறேன். 2004 டிசம்பரில் கடல் வந்து எத்தனையோ வீடுகளின் படங்களையும் பத்திரங்களையும் கொண்டுபோன ஊரில் அப்படி நினைப்பது கொஞ்சம் துணிச்சல்தான். சஞ்சிகையின் பிரதிகளை மின்வடிவில் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மூன்று இதழாகப் பேசப்பட்டது. 2005இலிருந்து இயங்கும் அந்த எண்ணிம நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் போதும். எல்லோரும் எழுதுவதாக இருந்ததால் எவரும் எழுதவில்லை.

திருத்தி எழுதிய பக்கம்

நான்காம் இதழுக்கு முந்திய கூட்டம் இரண்டு மாலைகள் நடந்தது. எதை வெளியிடுவது என்பதை ஏழு பேரும் கூடியே தீர்மானிப்பது என்ற வழக்கம் அப்படியே வைக்கப்பட்டது, அது சரியென்றே நினைக்கிறேன். கையெழுத்தைப் பற்றிய மூன்றாம் இதழின் பக்கங்கள் அவ்வளவு செறிவாக வந்ததற்கு ஒரு படவரைஞரும் ஒரு கலியாணப் புகைப்படக்காரரும் ஓவியருக்குச் சமமாகப் பேச முடிந்ததே காரணம். மாறியது கோப்பை மூடும் முறை. ஒவ்வோர் இதழுக்கும் மூவர் பொறுப்பு, சுழற்சியில். அவர்களில் ஒருவரிடம் மட்டுமே இறுதிக் கோப்பு. மெய்ப்புக்குப் பிறகு ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பக்கம் மறுபடி மெய்ப்புக்கு வரும். ஹெரெசீசின் மறுபாதியை இப்போதுதான் எடுத்துக்கொண்டார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை முறைத்தார்.

விபரப் பக்கம் முழுப் பக்கமாயிற்று. தலைப்பெழுத்து என்ற வரியில் திருக்கடலூர் முதியவரின் பெயர் முதலாவதாக வந்தது. பாமினியிலிருந்து மாற்றியவர், படங்களுக்கு நிறம் திருத்தியவர், சிங்களச் சுருக்கம் எழுதியவர், காகிதம் தந்தவர், கட்டுகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கியவர், கடை கடையாகப் பிரதி போட்டு மீதியைத் திரும்ப எடுத்தவர் என்று எல்லா வேலையும் எழுதப்பட்டன. கூட்டங்களில் பிளேன்ரீ போட்டவர் என்றும் ஒரு வரி வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் வற்புறுத்தினார், அந்த வேலையை இதுவரை இரண்டு பெண்களே செய்திருக்கிறார்கள் என்பதற்காக. அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. எழுதினால் அது தன்னுடைய வேலையென்றே நிலைத்துவிடும் என்றார். நான்காம் இதழிலிருந்து ரீ போடுவதும் சுழற்சியில் வந்தது. நானா போடும் ரீயில் இஞ்சி கூடுதல்.

பிணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். டியூட்டரிக்காரரின் பெயர் ஆறு இடத்தில் வந்தது, பட்டதாரி ஓவியரின் பெயர் ஓரிடத்தில். ‘இது விபரப் பக்கமா, சம்பளப் பட்டியலா’ என்று அவர் கேட்டார். அவருடைய மனத்தாங்கலில் அர்த்தம் இருந்தது. மூன்று மாதம் யோசித்து வரைந்த ஒரு படம் ஒரு வரி, இரண்டு மணிநேரத்தில் இறக்கிய கட்டும் ஒரு வரி. வேலைகளைப் பெயரிட்டு எழுதும் பக்கத்தால் வேலைகளின் கனத்தை எழுத முடியவில்லை. அவர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் வரவில்லை, பிறகு ஒரு படத்தோடு வந்தார். ஏன் வரவில்லை என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான்காம் இதழை முதியவரிடம் கொடுக்கத் தம்பியோடு நானும் கரைக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தார். பெயர் இருக்கிறது என்பதில் அவருக்குத் திருப்தி. ஆனால் பெயரிலிருந்த ழுகரத்தின் சுழி அடியில் இடித்துக்கொண்டு நிற்கிறதாம், இது யார் எழுதின எழுத்து என்று கேட்டார். கணினி எழுத்துரு என்று தம்பி சொன்னதும், அதற்கும் எவனோ ஒருத்தன் இருப்பான்தானே என்றார். அந்த எழுத்துருவை ஆக்கியவரின் பெயரை நாங்கள் எங்கும் போட்டிருக்கவில்லை.

ஐந்தாம் இதழின் மெய்ப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. ‘எழுத்துரு’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ‘வெளியீட்டாளர்’ என்ற வரிக்கு எதிரே இன்னும் ஒன்றுமில்லை. டியூட்டரிக்காரர் இனித் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார், அக்கா அரச ஊழியர் என்பதால் அனுமதி எடுக்க வேண்டும் என்கிறார், தம்பி தனக்கு நிரந்தர விலாசமே இல்லை என்கிறார். ஓரத்தில் சிவப்புப் பேனையால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் அந்தப் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.